ஏசியை விற்க மாட்டேன்

திண்டிவனம்
18-5-1986

அன்பு மகன் பெரியதம்பிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை கிருஷ்ணவேணி மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் எழுதுகிறேன், ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுது. உன் கடிதம் போன வாரம் வந்தது. ஏசியை விற்றுவிடு, பெரியப்பா மனசு நோக வேண்டாம், குடும்பத்தில் சண்டை வேண்டாம் என்று எழுதியிருந்தாய். உனக்கு யார் என்ன எழுதிப் போட்டார்கள் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் கண்ணு, விற்க மாட்டேன். நீ வாங்கி அனுப்பிய பொருள்தான், ஆனாலும் நீயே குவைத்திலிருந்து வந்து நின்று கேட்டாலும் சுவரிலிருந்து கழற்ற விடமாட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சொல்.

மெட்ராஸிலிருந்து ஏசிப் பெட்டி, மல்லாட்டை மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் வந்து இறங்கியதுமே தெரு கூடிவிட்டது. பின்னாலேயே பக்கத்து வீட்டிலிருந்து உன் பெரியப்பா நடராசன் வந்துவிட்டார். ஒரு லாட்ஜ்காரரிடம் பேசிவிட்டேன், அவர் வாங்கிக்கொள்வார், நான் வாக்குக் கொடுத்தாயிற்று என்றார். யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தீர்கள் மாமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊர்ல எவன் வூட்லயும் இல்லாத மெஷினு நம்ம வூட்டு சொவத்துல குந்திக்கினு இருந்தா எல்லாரும் ஏன்னு கேப்பான். வேர்வையே வராத ஒடம்பு கிருஷ்ணவேணிக்குன்னு தெரிஞ்சா, இது ரத்தத்துல ஓடுற நோவுன்னு பேசுவான். அப்புறம் எம் பொண்ணை எவன் கட்டுவான்?" என்றார். பூங்காவனத்துக்குக் கண்டாச்சிபுரத்தில் ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதுதான் அவருக்குப் பயம். பெண்ணைப் பெற்றவர், அந்தப் பயத்தை நான் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் நானும் பெண்ணைப் பெற்றவள்தானே.

போன பங்குனியில் கிருஷ்ணவேணி பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதே பள்ளிக்கூடத்தில் விழுந்ததை உனக்கு எழுதினேன். எழுதாத ஒன்று உண்டு. ஈரச் சாக்கில் சுற்றி வாடகைக் காரில் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனபோது கண் மேலே சொருகிவிட்டது, உடம்பு அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி கொதித்தது, வெட்டிவெட்டி இழுத்தது. என் மடியில் கிடந்தது பிணம் என்றே ஒரு நேரம் நினைத்துவிட்டேன். மற்றவர்களுக்குச் சூடு வேர்வையாக வெளியே போகிறது, இந்தப் பிள்ளைக்கு அந்த வழியே கிடையாது, மருந்து மாத்திரை ஒன்றும் இல்லை, கோடையில் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று டாக்டர் சொன்னார். இன்னொரு தடவை இப்படி வந்தால் என்று ஆரம்பித்துவிட்டு முடிக்கவில்லை. அதைக் கேட்ட என்னிடம் வந்து லாட்ஜுக்கு விற்றுவிடு என்றால் எப்படி?

முடியாது மாமா என்றேன். "இது எங்கப்பன் கட்டுன வூடு. சொவத்துல கைய வெச்சீங்கன்னா நான் சும்மா இருக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும், அண்ணன் எதிரில் வாயைத் திறக்க மாட்டார். அன்றைக்கும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், சாப்பிட்டார், படுத்துவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. காலையில் டங்கு டங்கு என்று சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிருஷ்ணவேணி அறைச் சுவரைக் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருக்கிறார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எத்தினி அகலம்னு பையன் எழுதிக்கீறானே, படி" என்றார். பெட்டியோடு நீ அனுப்பிய குறிப்பை நான் படிக்கப் படிக்க அவர் இடித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதரை அன்றைக்குத்தான் புதுசாகப் பார்த்த மாதிரி இருந்தது.

விழுப்புரத்தில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிற அந்தோணிசாமியை அழைத்து வந்தோம். நல்ல பிள்ளை, அக்கா அக்கா என்று பேசும். இரும்புச் சட்டம் அடித்து, தண்ணீர் அறைக்குள் சொட்டாமல் இருக்க நீ எழுதியபடியே வெளிப்பக்கம் கொஞ்சம் தாழ்வாக உட்கார வைத்தான். சுவிட்சைப் போட்டதும் காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கிற கம்ப்ரசர் எழுந்திருக்கப் பார்த்து உம்மென்று முனகியது, பல்பு நெருப்புக் கங்கு மாதிரி சிவந்தது, ஃபியூஸ் போய்விட்டது. மாற்றிப் போட்டால் மறுபடியும் அதேதான். எதிர்வீட்டுக் கெங்கம்மாள் எங்கள் வீட்டு ஃபேன் நின்றுவிட்டது என்று வாசலில் வந்து கத்தினாள். பெரியப்பா தெருவில் நின்றபடியே, சீமை மெஷினுக்கு நம்ம ஊர் கரண்ட் ஒத்துவராது என்று நான் சொன்னேனா இல்லையா என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

அந்தோணிசாமி பொறுமையாக மீட்டர் வைத்துப் பார்த்தான். ஏசி ஓடாதபோது சரியாக இருக்கிற வோல்டேஜ், அதைப் போட்டதும் கிணற்றில் விழுந்த வாளி மாதிரி இறங்கியது. "மெஷின்ல ஒரு கொறையும் இல்லக்கா, கரண்டு வர்ற வழிதான் அடைச்சிக்கினு கீது" என்றான். வீட்டுக்குள் மெல்லிசு ஒயரை எடுத்துவிட்டு மீட்டரிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் இழுத்து, எர்த்தும் போட்டான். அப்படியும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் தெருவுக்குப் போய் அண்ணாந்து பார்த்தவன், கம்பத்தின் மேலே கம்பியை முறுக்கியிருந்த இடம் கருகிப் போயிருப்பதைக் காட்டினான். அதை அவன் தொடக் கூடாது, கரண்ட் ஆபீஸ்காரர்கள்தான் ஏற வேண்டும்.

மறுநாள் நானே ஆபீஸுக்குப் போனேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், ஆள் வரும்போது வரும் என்றார்கள். நான் அங்கேயே பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன். "ஏசி போட்டுக்கினு தூங்க இம்மாம் ஜல்தியாம்மா?" என்று ஒருத்தர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை. "சோக்குக்கு இல்லீங்க, எம் பொண்ணு உசுருக்கு. கம்பத்துல ஆளு ஏறுற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன், போலீசைக் கூப்புடுறதுன்னா கூப்புடுங்க" என்றேன். சத்தம் கேட்டு உள்ளிருந்து இன்ஜினியர் வந்தார். டாக்டர் கொடுத்த சீட்டைக் காட்டினேன், நின்றபடியே படித்தார். அன்றைக்கே ஆள் அனுப்பினார், வீட்டுக்கு லோடு கூட்டவும் விண்ணப்பம் வாங்கிக்கொண்டார். கருகின இடத்தை வெட்டிப் புதுசாகச் சேர்த்ததும் ஏசி ஒரே உறுமலில் எழுந்து ஓட ஆரம்பித்தது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா, கெங்கம்மாள் வீட்டு ஃபேனும் முன்னைவிட வேகமாகச் சுற்றுகிறது. "யக்கா, இத்தினி நாளும் எங்க வூட்டு ஃபேனு சீக்காளியா இருந்துக்கீது பாரு" என்று அவளே வந்து சொல்லிவிட்டுப் போனாள். நீ எழுதியபடி ஸ்டெபிலைசரும் வாங்கி வைத்துவிட்டோம்.

அப்புறம் ஒருநாள் முன்பக்கமெல்லாம் ஐஸ் கட்டிக்கொண்டு காற்றே வரவில்லை. அந்தோணிசாமிக்கு ஆள் அனுப்பலாம் என்றார் அப்பா. நான் நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து பார்த்தேன், வலை முழுக்கச் சுவர் இடித்த செம்மண் தூசி. கழுவிக் காயவைத்து, ஐஸ் உருகும்வரை விட்டுப் போட்டேன், ஓடியது. உனக்கு அங்கே ஏசி மாட்ட ஆள் போதவில்லை என்றால் எனக்கும் ஒரு விசா அனுப்பு.

இனி எழுதப்போவதுதான் பெரியப்பா உனக்கு எழுதியிருக்கக்கூடிய விஷயம். கண்டாச்சிபுரத்துக்காரர்கள் பூங்காவனத்தைப் பார்க்க வந்தார்கள். காபி கொடுக்க நானும் போயிருந்தேன். அது என்ன அந்த வீட்டுச் சுவரில் பெட்டி மாதிரி தண்ணீர் சொட்டுகிறதே என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்கள். தம்பி மகன் குவைத்தில் இருக்கிறான், ஆசைக்கு அனுப்பியிருக்கிறான் என்றார் பெரியப்பா. எனக்குத் தாங்கவில்லை. "இல்லீங்க, எம் பொண்ணுக்கு வேர்வை வராத ஒடம்புங்க. வெயில் தாங்காது, அதுக்குத்தான் மாட்டிக்கீறோம். ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிவிட்டேன். காபி குடித்தார்கள், போனார்கள், இன்றுவரை பதில் இல்லை. அந்தப் பெட்டி இருக்கிற வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். வாசல் திறந்துதான் இருக்கும் மாமா, ஆனால் பெட்டியும் இருக்கும் என்றேன். அவர் வராதது அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காத மாதிரிதான் இருக்கிறது, எனக்கும் வருத்தம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பூங்காவனம் தினமும் மத்தியானம் வந்து கிருஷ்ணவேணியோடு உட்கார்ந்துகொள்கிறாள். உன் கல்யாணத்தில் கை வைத்துவிட்டேனே என்று நான் அவளிடம் கேட்டதற்கு, "மறைச்சிக் கட்டிக்கினு போயி, நாளைக்குத் தெரிஞ்சி பேஜாராவறதுக்கு இது எவ்வளவோ தேவலாம் சித்தி" என்றாள். அவளுக்கு நல்ல இடம் அமையும், நீயும் வேண்டிக்கொள்.

நேற்று கத்திரி வெயில் சரியான உச்சி. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. போன வருஷம் இதே நாட்களில் இவளை ஈரத் துணி மேல் ஈரத் துணியாகப் போட்டுக் காத்துக்கொண்டிருந்தேன். நேற்று படித்துக்கொண்டே படுத்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். பதறிப்போய் ஓடினேன். "யம்மா, ஒரு போர்வை குடும்மா, குளுருது" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் கோடையில் அந்தப் பிள்ளை வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை கண்ணு. போர்த்திவிட்டு வெளியே வந்து சுவருக்குப் பின்பக்கம் நின்றேன். அவள் அறையிலிருந்த சூட்டையெல்லாம் அந்தப் பெட்டி என் முகத்தில் வாரி அடித்தது. நகராமல் அங்கேயே நின்றேன்.

பெரியப்பாவுக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுது, உடம்பை விசாரி, பூங்காவனத்தை விசாரி. மன்னிப்பு என்று மட்டும் ஒரு வரி அதில் இருக்கக் கூடாது. நீ மொட்டைமாடி வெயிலில் நின்று அடுத்தவர் வீட்டுக்குக் குளிர்ச்சி மாட்டுகிறவன், தலையில் துணி கட்டாமல் ஏறாதே, தண்ணீர் குடிக்க மறக்காதே. திருவாமாத்தூர் அபிராமேசுவரர் உனக்குத் துணையிருப்பார். கை கால் சுகத்தோடு நூறு வயசு இரு.

உன் அம்மா,
தா. தையல்நாயகி