சித்தி வீட்டில் ஓடிய 'ஒரே பந்தல்'

இருந்தபோதும் தொல்லை கொடுத்து, போன பிறகும் தொல்லை கொடுத்துக்கொண்டிருக்கிற என் செல்லத் தம்பி மாறனுக்கு,

உன் டிவி தொடர் டிவிடி வட்டாக வந்துவிட்டது. 'ஒரே பந்தல்', எட்டுப் பகுதிகள், மூன்று வட்டுகள், கையடக்கமான ஓர் அட்டைப் பெட்டி. ஞாயிறு பதிப்பின் ஆசிரியர் போன் போட்டு, நீங்கள்தான் விமர்சனம் எழுத வேண்டும் என்றார். சொந்தத் தம்பி எடுத்ததை நானே விமர்சித்தால் ஊர் சிரிக்காதா என்று கேட்டேன். ஊர் சிரிக்கத்தானே அவர் எடுத்தார் என்றார். அந்த ஆளுக்கும் உன் வாய். சரி, எழுதுகிறேன், ஆனால் அவனுக்கே எழுதுகிறேன், மற்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உனக்குத் தெரிந்ததுதான், எட்டிப் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பினாங்கு ஜெலுத்தோங்கில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற ஒரு குடும்பம். கல்யாணத்துக்கும் அதே பந்தல்தான், சாவுக்கும் அதே பந்தல்தான். காலையில் பிணம் எடுத்த வீட்டில் அவிழ்த்ததை மாலையில் நிச்சயதார்த்த வீட்டில் கட்டுவார்கள், பெண் வீட்டாருக்குத் தெரியாமல் தண்ணீர் தெளித்து. பகுதிக்கு ஒரு சாவு. பார்க்கும்போது வயிறு வலிக்கச் சிரிப்போம். முடிந்ததும் சொந்தத்தில் யாருக்காவது போன் போட்டு, "சாப்பிட்டியா?" என்று சும்மா கேட்கத் தோன்றும். அதுதான் உன் கைவேலை.

முதலில் குறைகளைச் சொல்லி முடிக்கிறேன், இல்லாவிட்டால் தம்பி என்று தூக்கி வைத்துவிட்டாள் என்பார்கள். உறுமி மேளம் வரும்போது டிவி அதிர்கிறது, அடுத்த காட்சியில் ஆள் பேசினால் காதை ஒட்ட வைக்க வேண்டியிருக்கிறது. பந்தலுக்குள் வெளிச்சம் குறைவான இடங்களில் படம் மணல் கொட்டியது போல இருக்கிறது. படத்துக்கு அடியில் ஓடுகிற மலாய் வரிகளை எழுதியவர் நல்ல பிள்ளை போல. நீ எழுதிய வசவுகளையெல்லாம் பள்ளிக்கூடத்து மரியாதையில் மாற்றியிருக்கிறார். ஆறாவது பகுதி இழுவை, அப்போதே சொன்னேன், நீ கேட்கவில்லை.

நிறையும் சொல்ல வேண்டும். ஒளிபரப்பில் வெட்டிய காட்சிகளைத் தேவா தேடிப் பிடித்துச் சேர்த்திருக்கிறான். பந்தல்கார மூத்தவனாக உன்னோடு நடித்த அதே தேவாதான். இந்த வட்டு வந்ததே அவனால். நீ போன பிறகு வீடு வீடாக அலைந்து, யாரிடம் எந்த ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய சேர்க்கை, நீயும் அவனும் படத்தை ஓட்டிக்கொண்டே பேசிப் பதிந்து வைத்த பேச்சு. ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் உன் குரல் வந்துவிடுகிறது. இதை எதிர்பார்த்து யார் தயாராக இருக்க முடியும்?

மூன்றாவது பகுதிக்கு வருகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

பார்க்கிறவர்களுக்கு அந்தப் பகுதியில் வருவது கற்பனை. நமக்கு அப்படி இல்லையே. அப்பா செத்த அன்று பேப்பரில் மரண அறிவிப்பு போட வேண்டியது உன் பொறுப்பு. தனியாக எடுத்த படம் அப்பாவுக்கு இல்லை. என் கல்யாண ஆல்பத்தில் அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற படம்தான் இருந்தது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே துணியில் சட்டை எடுப்பது அம்மாவின் வழக்கம், அம்மா போன பிறகும் அவர்கள் அதை விடவில்லை. மீசையும் ஒரே மீசை. அப்பாவின் முகத்தை உற்றுப் பார்க்க உனக்குத் தைரியம் வரவில்லை. பார்க்காமலே போனில் வெட்டி, பார்க்காமலே அனுப்பினாய். மறுநாள் பேப்பரில் அப்பாவின் பெயருக்கு மேலே, மாலைக்கு நடுவே, சித்தப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா அதைக் கோப்பிக் கடையில் வைத்துத்தான் பார்த்தாராம். பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராகச் சாவு வீட்டுக்கு வந்தார். மாலையோடு வந்த பெண்மணி ஒருவர் வாசலில் அவரைப் பார்த்ததும் மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். உன்னை எல்லாரும் அடிக்காத குறை. சித்தப்பா மட்டும் உன் தோளில் கை போட்டு, "எனக்கு அட்வான்ஸ் புக்கிங் போட்டுட்டியாடா?" என்று கேட்டுச் சிரித்தார். அப்பாவின் பிணத்தை வைத்துக்கொண்டு நாம் எல்லாரும் சிரித்தோம். இதை ஒரு நாடகமாக எழுது என்று பதினாறாம் நாள் படையல் முடிந்து உனக்குச் சொன்னதும் அவர்தான்.

அப்பாவின் முதல் நினைவு நாள் வருவதற்குள் சித்தப்பா போய்விட்டார். குளிக்கப் போனவர் குளியலறையிலேயே விழுந்தார். நாம் நிபோங் திபாலில் சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சித்தி உன்னை வாசலிலேயே நிறுத்தினார். "உயிரோட இருந்த மனுசன் படத்துக்கு மாலையப் போட்டியே, எமன் அதப் பாத்துட்டான்டா. இனி என் வாசப்படிய மிதிக்காத" என்றார். நீ சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றாய், பிணம் எடுக்கும்வரை அங்கேயே நின்றாய்.

பிறகு நீ அதைத் தொடராக எடுத்தாய். சொந்தத்தில் யாரோ சித்திக்கு வத்தி வைத்தார்கள்: உன் புருஷன் சாவை வைத்து டிவியில் ஊர் சிரிக்கிறது என்று. அதன் பிறகு உன் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுக்க முடியாது. எடுத்தால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். உன் சாவுக்கு வந்தார். ஆனால் பந்தலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரே தவிர உள்ளே வந்து உன் முகத்தைப் பார்க்கவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. அது எனக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது, மாறா. நீ செய்த தப்புக்கு நீ செத்த பிறகும் தண்டனையா என்று ஆத்திரமாக வந்தது. ஒருமுறையாவது சித்தி இதைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு உன்னை விட்டுவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என் வீட்டில் வட்டு போடுகிற பெட்டி கிடையாது. இப்போது யார் வீட்டில் இருக்கிறது? சித்தி வீட்டில் இருக்கிறது. சித்தப்பா கரோக்கே பாடுவதற்காக வாங்கியதை இன்னும் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார். அதையே சாக்காக வைத்துக்கொண்டு போன ஞாயிறு காலையில் கிளம்பினேன். பினாங்குப் பாலத்தில் ஜாம். வழியெல்லாம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. சித்தி பால் இல்லாத தே ஓ கலக்கிக் கொடுத்துவிட்டு என் பையைப் பார்த்தார்.

"அவன் படமா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"போடு. புடிக்கலேன்னா டிவிய அடச்சிருவேன்."

போட்டேன். மூன்றாவது பகுதியையே போட்டேன். பேப்பர் வருகிறது, மாலை விழுகிறது, பெண்மணி ஓடுகிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். சித்தி அசையவில்லை. ஐந்தடி உயரத்தில் ஒரு பாறாங்கல் சோபாவில் உட்கார்ந்திருந்தது என்று வைத்துக்கொள். ரிமோட் வேறு அவர் மடியில்.

அப்புறம் அந்தக் காட்சி வந்தது. சிரித்து முடித்த பிறகு வருகிற காட்சி. பேப்பரில் படம் வந்த மனிதர் சாவுச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார். அவர் பக்கத்தில் உட்கார ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. நீள மேசையில் தனியாகச் சாப்பிடுகிறார். வசனம் இல்லை, மேளம் இல்லை. சோற்றில் விரலால் குழி செய்து, சாம்பாரை ஊற்றி, நான்கு பக்கமும் அணை கட்டிவிட்டுத்தான் முதல் கவளத்தை எடுக்கிறார்.

சித்தி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இந்த நடிகனுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். மாறன்தான் சித்தி, வேறு யார் என்றேன். சோற்றில் அணை கட்டிச் சாப்பிடுவது சித்தப்பாவின் வழக்கம். அவர் நடமாடுகிற வீடியோ ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை, உனக்குத் தெரியுமா? எல்லாம் போட்டோதான், எல்லாவற்றிலும் விறைப்பாக நிற்கிறார். சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார்.

மறுபடி போட்டேன். இந்த முறை உன் பேச்சோடு போட்டேன். கேட்காமல்தான் செய்தேன், திட்டினால் திட்டட்டும் என்று.

அந்தப் பகுதி முழுக்க நீ வாய் மூடுவதே இல்லை. மாலை ஈரமாக இருந்ததால் இரண்டு தடவை எடுத்தோம், ஓடிய பெண்மணிக்குச் செருப்பு அறுந்துவிட்டது, தேவா வசனத்தை மறந்தான் என்று தொணதொணவென்று பேசுகிறாய். உன் குரல் அந்தக் கூடத்தில் கேட்டதும் சித்தி ரிமோட்டை எடுத்தார், அடைத்துவிடுவார் என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டினார்.

சாப்பாட்டுக் காட்சி வந்ததும் நீ பேச்சை நிறுத்திவிட்டாய். அந்த ஆள் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு எழுந்திருக்கிற வரைக்கும் உன் மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு சொல்கிறாய்:

"சித்தி இத பாத்தா என்ன சொல்லுவாங்கன்னு தெரியல."

"போய்க் கேளு லா. இங்க இருக்கிற நிபோங் திபால்தானே" என்கிறான் தேவா.

"வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க மச்சான்."

அவ்வளவுதான். அடுத்த காட்சியில் நீ மறுபடி கிண்டலுக்குப் போய்விடுகிறாய்.

சித்தி டிவியைப் பார்த்தபடியே இருந்தார். அழுகிற முகம் இல்லை, கோபமான முகம். என்னிடம் பேசவில்லை. உன்னிடம்தான் பேசினார்.

"வராதன்னு சொன்னேன். வயித்தெரிச்சல்ல சொன்னேன். சின்னப் புள்ளையிலேருந்து நான் சொன்னது எதையாச்சும் நீ கேட்டிருக்கியாடா? இத மட்டும் ஏன்டா கேட்ட?"

நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன். என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

பிறகு மெதுவாக, விட்டு விட்டுச் சொன்னார். சித்தப்பாவின் கருமாதிக்கு வருவாய் என்று பார்த்தாராம். தீபாவளிக்குத் தெருவில் மோட்டார் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பாராம். படம் எடுத்ததற்குக் கோபம் இல்லையாம், எடுப்பதற்கு முன்னால் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சித்தப்பா எப்படிச் சாப்பிடுவார், எப்படி நடப்பார் என்று தானே இன்னும் சொல்லிக் கொடுத்திருப்பாராம். உன் சாவுக்கு வந்தபோது உள்ளே வராததற்கும் காரணம் சொன்னார். வாசலுக்கு வந்து கேட்க வேண்டியவன் நீ. நீ படுத்துக்கொண்டு, அவர் உன்னைத் தேடி உள்ளே வருவது என்ன நியாயம் என்று தோன்றியதாம். வீட்டுக்குப் போன பிறகுதான், இனி அவன் வரவே மாட்டானே என்று உறைத்ததாம்.

நீ பாலத்துக்கு அக்கரையில், பிறையில், தொழிற்சாலை வேலைக்குப் போனவன். அங்கிருந்து மோட்டாரில் அரை மணி நேரம் இருக்குமா சித்தி வீடு? ஷிஃப்ட் முடிந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், பாலத்துக்குத் திரும்பாமல் சித்தி வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தால் என்ன? திட்டியிருப்பார். செருப்பைக்கூட எடுத்திருப்பார். அப்புறம் சோறு போட்டிருப்பார். ஊரில் ஒருவர் விடாமல் எல்லாரையும் கிண்டல் செய்த உனக்கு ஒரு கிழவியின் வாசலில் நிற்கப் பயமா? இல்லை, நீதான் சித்தப்பாவைக் கொன்றாய் என்று நீயும் நம்பினாயா? நம்பியிருந்தால் என்னிடமாவது சொல்லியிருக்கலாமே, மாறா.

ஆசிரியருக்கு முடிவாக ஒரு வரி வேண்டும். வாங்கலாமா, வேண்டாமா? வாங்குங்கள். ஆறாவது பகுதியைத் தாண்டி விடுங்கள், உறுமி வரும்போது சத்தத்தைக் குறையுங்கள். வீட்டில் யாரோடாவது பேச்சு நின்று போயிருந்தால், பார்ப்பதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். வட்டு எங்கேயும் ஓடிப் போகாது.

உன்னை மன்னித்துவிட்டாரா என்று கேட்காதே. நான் கேட்டேன். யாரை மன்னிக்கிறது, ஆள் எங்கே என்றார். நான் கொண்டுபோன வட்டுகளைத் திருப்பித் தரவில்லை. நான் வராமல் அவருக்குப் போடத் தெரியாதாம், அதனால் நான் வந்துதான் ஆக வேண்டும் என்று உத்தரவு வேறு.

ஞாயிறுதோறும் போவேன், தம்பி. சித்தி இருக்கிறவரை போவேன். உன் பேச்சோடுதான் போடுவேன். நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பாய், அவர் பாட்டுக்கு உன்னைத் திட்டிக்கொண்டே இருப்பார். நான் குறுக்கே வர மாட்டேன், சமாதானமும் சொல்ல மாட்டேன். நேரில் வாங்கியிருக்க வேண்டிய திட்டு அது. ஒன்று விடாமல் வாங்கிக்கொள்.

உனக்கு இருக்கிற ஒரே ஒருத்தி,
அக்கா செல்வி
ஜார்ஜ்டவுன், பினாங்கு