வட்டியில்லா வருமானம்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். நர்ஸ் யூனிஃபார்ம் காயவில்லை. புதன்கிழமைத் தடுப்பூசிப் பட்டியல் பாதிதான் ஆயிற்று.

ஹவுஸ் ஓனர் வந்தார், ரிட்டையர்டு கண்டக்டர். மகனோடு ஓசூர் போகிறாராம், வீட்டை விற்கப்போகிறாராம். இதைச் சொல்ல மூன்றாவது தடவை வந்திருக்கிறார். எங்களுக்குத்தான் முதலில் தருவாராம், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். டீ குடித்தார், சர்க்கரை வேண்டாம் என்றார், பிறகு இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டார்.

இண்டூரில் அம்மா எனக்குக் கொடுத்த மனையை விற்ற பணம்தான் எங்களிடம் இருப்பது. வீட்டு விலையில் முக்கால் வாசி வரும். மீதிக்கு பேங்க் லோன் வாங்கலாம் என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்கிறார்கள். வட்டி என்றால் என் கணவருக்குக் காது கேட்காது. எனக்கும் மனசு வராது, வாப்பா வளர்த்த வளர்ப்பு அப்படி. அதனால்தான் ஆகஸ்டில் இந்த மேனேஜ்டு அக்கவுண்ட். கிரிப்டோ காயின் வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் கணக்கு என் பெயரில், பணம் என் பேங்கிலிருந்து. வாங்கி விற்பவன் பெங்களூரில் சந்தீப் என்று ஒருத்தன். லாபத்தில் அவனுக்குப் பங்கு. இவர் மயங்கியது அந்தப் 'பங்கு' என்ற சொல்லில்தான்.

"இது வட்டி இல்ல நூரு, வியாபாரம். லாபம் வந்தா அவனுக்கும் உண்டு, வரலைன்னா அவனுக்கும் இல்ல."

மெத்தைக் கடை வைத்திருக்கும் இவருக்கு வியாபாரம் என்றால் போதும், பஞ்சு மாதிரி லேசாகிவிடுவார்.

வாங்க: உளுந்து, கொசுவத்தி, ஸ்கூட்டிக்கு பல்பு.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். சம்பளம் இன்னும் ஏறவில்லை.

என் பெயரில் இருக்கும் கணக்கில் என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாது. வெட்கமாக இருக்கிறது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் படித்தேன். மறந்துபோகும், அதனால் எழுதிவைக்கிறேன்.

ஸ்டேபிள்காயின்: டாலர் விலையோடு கட்டிப்போட்ட காயின். நம் ரூபாய் முதலில் இதுவாக மாறித்தான் உள்ளே போகிறது.

ஏ.பி.ஐ. கீ: சந்தீப்புக்கு நாம் கொடுத்திருக்கும் சாவி. நம் கடையில் உட்கார்ந்து அவன் வியாபாரம் செய்யலாம், கல்லாவை எடுத்துக்கொண்டு போக முடியாது. (அல்ஹம்துலில்லாஹ்.)

ட்ராடவுன்: உச்சியில் இருந்த பணம் எவ்வளவு இறங்கியது என்பது. நம்முடையதும் இறங்கித்தான் இருக்கிறது, இவர் எனக்குச் சொல்லவில்லை.

லெவரேஜ்: நம் பணத்தை ஈடாகக் காட்டிக் கடன் வாங்கி, இரண்டையும் சேர்த்துப் போடுவது.

லிக்விடேஷன்: விலை ஓர் அளவுக்குக் கீழே விழுந்தால், கடன் கொடுத்தவன் நம்மைக் கேட்காமலே நம்முடையதை விற்று எடுத்துக்கொள்வது.

லெவரேஜில் என் வண்டி நின்றுவிட்டது. கடன் என்றால் சும்மா யார் கொடுப்பார்? ராத்திரி சாப்பாட்டுக்கு முன் இவர் ஃபோனை வாங்கி ஆப்பைத் திறந்தேன். வரவு செலவு விவரத்தில் பக்கம் பக்கமாக ஒரே வரி, மணிக்கு ஒன்று. மார்ஜின் இன்ட்ரஸ்ட். சில்லறைதான், ஆனால் நாங்கள் தூங்கும்போதும் தொழும்போதும் போயிருக்கிறது.

இவரிடம் காட்டினேன். சர்வீஸ் சார்ஜாக இருக்கும் என்றார். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கச் சொன்னேன். படித்தார். திரும்பவும் மேலே தள்ளித் தள்ளிப் படித்தார்.

"வட்டிக்குப் பயந்து பேங்க் பக்கம் போகாம, மணிக்கொருக்கா வட்டி கட்டிட்டு இருக்கறோங்க."

ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். தோசை அப்படியே இருந்தது. பணம் போய்விடும் என்று மூன்று மாதமாகக் கத்தினேன், அசையாத மனிதர். இந்த ஒரு சொல்லுக்கு முகம் செத்துவிட்டது. கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நவம்பர் 5, புதன்

சித்தேரி மலையில் தடுப்பூசி நாள். முதல் பஸ். மேலே பனி, பள்ளிக்கூடத்துக்குள் வைத்துத்தான் போட்டோம். சிக்னல் கிடையாது. வரகு அறுப்பு, அதனால் பாதித் தாய்மார்கள் தாமதம்.

பதினொரு மணி இருக்கும். ஒரு குழந்தையின் தொடையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், வாசலில் இவர். தலையெல்லாம் ஈரம், ஹெல்மெட் கையில். யாரோ மௌத், உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

யாருக்கும் ஒன்றும் இல்லை. காலையில் சந்தீப்பிடம் பேசியிருக்கிறார். கடன் உண்மைதானாம். எல்லா டிரேடரும் அப்படித்தானாம், இன்ட்ரஸ்ட் எல்லாம் ஒரு விஷயமே இல்லையாம். இவர் அப்போதே எல்லாவற்றையும் விற்கச் சொல்ல, நஷ்டத்தில் விற்கக் கூடாது, இரண்டு நாளில் ஏறும் என்று அவன் பிடிவாதம். சரி, நாமே முடித்துவிடலாம் என்று ஆப்பைத் திறந்தால் ஓ.டி.பி. என் ஃபோனுக்கு. ஃபோன் மலைமேல். கடையைப் பூட்டிவிட்டு பைக்கில் ஏறியே வந்துவிட்டார்.

"ஃபோனக் குடு நூரு. ஒரு மணி நேரங்கூட அது ஓடக் கூடாது."

நானும் வருகிறேன், பிள்ளைகளுக்கு ஊசி போட்டு முடித்துவிட்டு என்றேன். முனகினார். நான் நகரவில்லை. மருந்தைத் திறந்துவைத்துவிட்டு எப்படி வருவது? இவரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தேன். ஒரு தாய் கொஞ்சம் பிடிங்க அண்ணா என்று தன் பிள்ளையை இவர் மடியில் வைத்துவிட்டுக் கார்டு தேடினாள். அது இவர் சட்டையை நனைத்தது. இவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடித்து இறங்கினோம். பாதி மலையில் ஒரு வளைவில்தான் டவர் கிடைக்கும். அங்கே நிறுத்தியதும் என் ஃபோன் கதறியது: செல்லாமல் போன ஓ.டி.பி. நான்கு, சந்தீப்பின் மிஸ்டு கால் ஒன்பது. புதிதாக ஓ.டி.பி. வரவழைத்தோம். நான் படித்தேன், இவர் அமுக்கினார். முதலில் அவன் கீயை ரத்து. பிறகு இருந்ததை எல்லாம் விற்று, கடனைக் கட்டி, மீதியை ரூபாயாக்கி பேங்குக்கு. போட்டதில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி எங்களை ஒட்டி ஏறியது. இவர் பாறையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். இரண்டு மடக்கு குடித்துவிட்டு, பசிக்கிறது என்றார். நேற்று ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை.

நவம்பர் 6, வியாழன்

நல்ல வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

பணம் இன்னும் பேங்குக்கு வரவில்லை. 'பிராசஸிங்' என்றே காட்டுகிறது. அரை மணிக்கு ஒரு தடவை பார்க்கிறேன்.

மதியம் தருமபுரியிலிருந்து செருப்புக் கடை சலீம் பாய் ஃபோன். அவரும் சந்தீப்பிடம்தான் பணத்தை விட்டிருந்தார். விடியற்காலை விலை சரிந்து, அவர் கணக்கு முழுக்க லிக்விடேஷன். பேசிக்கொண்டே அழுதார். நாங்கள் நேற்றே வெளியே வந்ததைச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. நல்லவேளை என்று என் மனசு குதித்தது, உடனே வெட்கமாக இருந்தது. ஞாயிறு அவரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

பணம் வந்துவிட்டது. பேங்க் மெசேஜ் சுகாதார சப்-சென்டரில் இருக்கும்போது வந்தது. கழிவறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு பிரஷர் பார்க்க உட்கார்ந்தேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த இவர் மெசேஜை மூன்று தடவை படித்தார். அந்தப் பத்தில் ஒரு பங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரியாணி வாங்கி வந்திருந்தார், முட்டை இரண்டு அதிகமாக.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் தருமபுரி, சலீம் பாய் வீடு. அவர் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் இவரிடம் சொன்னேன்: ஹவுஸ் ஓனர் கண்டக்டரையே கேட்டுப் பார்க்கலாம், இருப்பதை இப்போது வாங்கிக்கொள்ளட்டும், மீதியைத் தவணையில். கேட்பது அசிங்கம் என்றார். முகம் தெரியாதவனிடம் மொத்தத்தையும் கொடுக்கும்போது வராத அசிங்கமா என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் கண்டக்டர் வீட்டில் நான்தான் பேச்சை எடுத்தேன். அவர் தன் மனைவியிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். அந்தம்மா சிரித்தார். கண்டக்டர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இத கேக்கவா இத்தனை நாளுங்க? ரெண்டு வருசம் எடுத்துக்கங்க. மேல ஒரு பைசா வேண்டாம்."

இவர் எழுந்துபோய் கண்டக்டர் கையைப் பிடித்துக்கொண்டார். புதன்கிழமை அக்ரிமென்ட்.

இப்போது வெளியே கொட்டுகிறது. சமையலறைக் கூரை மூலையில் ஒழுகுகிறது, மாவு டப்பாவெல்லாம் ஈரம். வழக்கம்போல கண்டக்டருக்கு ஃபோன் போடப் போனேன். இவர் தடுத்தார்.

"அவருக்கு எதுக்கு? நம்ம வூடு ஒழுவுது, நாமதான் பாக்கணும்."

சொல்லிவிட்டுக் குண்டானை அடியில் வைத்தார். அங்கேயே நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், முகமெல்லாம் சிரிப்பு.