மஞ்சள் கால் நண்டு

சிராங்கூன் ரோடு,
சிங்கப்பூர்.
19-6-1966

லண்டனில் இருக்கும் என் பேத்தி சந்திரமதிக்கு, உன் அப்பாயி முத்தாயி எழுதும் கடிதம். இங்கே மனிதர்கள் எல்லோரும் நலம். நண்டு விஷயம்தான் நலமாக இல்லை. உட்கார்ந்துகொண்டு படி. உன் புரொபசர் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டுப் படி.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அப்பா வாசலிலேயே பிரித்துச் சத்தமாகப் படித்தான். உன் மியூசிய ஆராய்ச்சிக்கு நான் பிடித்து அனுப்பிய நண்டு உலகத்தில் இதுவரை யாரும் எழுதி வைக்காத புது இனம் என்றும், அதற்கு என் பெயரையே வைக்கப் போகிறாய் என்றும், முத்தாயி என்ற பெயரின் வாலில் லத்தீன் எழுத்துச் சேர்ந்து புத்தகத்தில் அச்சாகும் என்றும் படித்தபோது எனக்குக் காது அடைத்துப் போய்விட்டது. அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்களே, அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் உயிரோடு இருந்தால் அவருக்கே ஒரு கடிதம் போட்டிருப்பேன். அன்று சாயங்காலமே கோயிலில் அர்ச்சனை. தேக்கா மார்க்கெட்டில் என்னைப் பார்த்தவர்கள் யாரும் தப்பவில்லை. எதிர்வீட்டு சாயிரா பானு, "உங்க பேருல நண்டா? பொருத்தந்தான் லா பாட்டி, புடிச்சா விடமாட்டீங்களே" என்று சொல்லிவிட்டு ஓடினாள். உன் அப்பா ஆபீஸில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தான். புத்தகம் வந்ததும் மண்டபம் எடுத்து விருந்து வைக்கிறேன் என்று வாயை விட்டும் விட்டான்.

மறுநாள் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்போதுதான் அந்த இடம் வந்தது. உங்கள் மியூசியத்தில் தரங்கம்பாடி என்று சீட்டு ஒட்டிய பழைய போத்தலில் இருக்கும் நண்டும் நான் அனுப்பியதும் உடம்பு வாகில் ஒன்றுபோலவே இருக்கின்றன, இரண்டுக்கும் கொடுக்குகள் சரிசமம், ஆனால் பழைய இனத்துக்குக் காலில் நீலக்கோடு உண்டு என்று புத்தகங்கள் சொல்கின்றன, சிங்கப்பூர் நண்டுக்கோ நீலமே தெரியவில்லை, கால் முழுக்க மஞ்சள் என்று எழுதியிருந்தாய். ஆகையால் பழைய இனம் தரங்கம்பாடியிலிருந்து பர்மா, பினாங்கு, ஜாவா என்று கடல் நெடுகப் பரவியிருக்க, மஞ்சள் கால் இனம் சிங்கப்பூர்க் கரையில் மட்டும் வாழ்கிறது என்று கட்டுரை எழுதி முடித்துவிட்டாய் என்றும் இருந்தது.

மஞ்சளா என்று எனக்குப் பகீரென்றது.

கண்ணு, அந்த நண்டுகளைப் பிடோக் கடற்கரையில் பிடித்தவள் நான். அங்கே மீன் பிடிக்கும் பெரியவர் பாக் சாலேதான் கூட வந்து சேற்றுக்குள் இறங்கிக் கிளறிக் கொடுத்தார். செத்த நத்தையின் ஓட்டுக்குள் குடியிருக்கும் இந்த நண்டை மலாய்க்காரர்கள் உமாங்-உமாங் என்பார்கள் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துத்தான் வாளியில் போட்டேன். ஒன்றின் கால்கூட மஞ்சளாக இல்லை. முதலில் நீதான் போத்தலை மாற்றி எடுத்துவிட்டாய் என்று நினைத்தேன். அடுப்படியில் நின்ற உன் அம்மாவிடம், "மங்களம், நம்ம நண்டுக்குக் கால் மஞ்சளாம்டி, நான் பாக்கும்போது அப்படி இல்லையே" என்று கேட்டேன். அவள் திரும்பினாள். கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. எடுக்கக்கூடக் குனியாமல் நின்றாள்.

நடந்தது இதுதான். அன்று கடலிலிருந்து வந்ததும் புடவையெல்லாம் உப்பும் சேறும் என்று நான் குளிக்கப் போய்விட்டேன். கடலிலிருந்து எது வந்தாலும் மஞ்சள் தண்ணீரில் அலசாமல் உன் அம்மா உள்ளே எடுப்பாளா? வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மில்லில் அரைத்து வந்த புது மஞ்சளைக் கை நிறையப் போட்டுக் கரைத்து ஊற்றியிருக்கிறாள். நண்டுகள் ஓட்டைவிட்டு வெளியே வந்து செத்திருக்கின்றன. கவிச்சி போகவில்லை என்று இன்னொரு முறை மஞ்சள் போட்டு மத்தியானம் முழுக்க ஊற வைத்திருக்கிறாள். பிறகு மருந்துக்கடை அழகப்பன் கொடுத்த ஸ்பிரிட் போத்தலில் போட்டு, மூடி, துணி சுற்றித் தைத்தும் வைத்துவிட்டாள். அது பழுப்புக் கண்ணாடிப் போத்தல். வெளியே என்ன தெரியும்? குளித்து, சாப்பிட்டு, அசந்து தூங்கி எழுந்த நான் பார்சலைத்தான் பார்த்தேன்.

ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவள், "என் மக கேட்ட பொருளு, வெள்ளக்காரங்க மூக்கப் பொத்துற மாதிரி போகலாமா அத்தை? அவளை என்ன நினைப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. நீ உன் அம்மாவைக் கோபிக்காதே. அவள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. மஞ்சள் டப்பாவை அலமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டுக் குழம்பை வெளுப்பாக வைக்கிறாள்.

உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஸ்பிரிட்டை எத்தனை தடவை மாற்றினாலும் மஞ்சளாகிறது, நண்டின் சொந்த நிறம் கரைகிறது என்று புரொபசர் வியந்தார் என்று எழுதியிருக்கிறாய். அது நண்டின் நிறம் இல்லை, தாயி. நம் வீட்டு அடுப்படி நிறம்.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது. "யாருக்கும்மா தெரியப் போவுது? நண்டா வந்து சாட்சி சொல்லும்? பேசாம விடுங்க" என்றான். எனக்கு நண்டைவிட அவன் சொன்னதுதான் பெரிய அதிர்ச்சி. ஆனால் அவன் பயந்தது விருந்துக்காக மட்டும் இல்லை. இந்தக் கட்டுரை அச்சானால்தான் மியூசியத்தில் உன்னை மேற்கொண்டு வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் இந்த வருஷக் கடைசியில் கப்பல் ஏற வேண்டியதுதான் என்று நீ எழுதியிருந்தாயே, அதைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினான். நம் வீட்டிலிருந்து யார் இவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள், நீங்களே அவள் காலை இழுக்கிறீர்களே என்றான். ஆனால் தப்பு நண்டுக்கு என் பெயர் இருந்தால், நாளைக்கு வேறொருவன் கடலில் இறங்கித் தேடுவான். கிடைக்காது. அப்போது திட்டு வாங்கப் போவது நீதானே?

ஒருவேளை என் கண்தான் அன்று ஏமாந்ததோ என்று ஒரு சந்தேகம். வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறிப் பிடோக் போனேன். இறங்கி நடந்தால் கடலைக் காணோம். வழி தப்பிவிட்டேன் என்று நினைத்து ஒரு சீனக்கிழவியிடம் கேட்டேன். அவள் கையை நீட்டினாள். அங்கே லாரி மேல் லாரியாக வந்து செம்மண்ணைக் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். குன்றை வெட்டிக் கொண்டுவந்து கடலுக்குள் தள்ளுகிறார்களாம். நான் செருப்பைக் கழற்றி வைத்த மரமும் இல்லை, நண்டு பிடித்த சேறும் இல்லை. பாக் சாலே தன் படகைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். என்ன பாக் இது என்று கேட்டேன். கடல் வீடு மாறிப் போய்விட்டது என்று மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரே எழுந்து, மண் கொட்டாத ஒரு மூலைக்குக் கூட்டிப் போனார். அங்கே கல் இடுக்கில் நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டிருந்தன. ஓடு கிடைக்காமல் ஒன்று உடைந்த மருந்துப் போத்தலின் கழுத்துக்குள் புகுந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். பாசி படிந்த பழுப்புக் கால். அதில் மேலிருந்து நுனிவரை இழுத்துவிட்டாற்போல் நீலக்கோடு. மஞ்சள் இல்லவே இல்லை. சின்ன வயதில் தரங்கம்பாடிக் கரையில் வலை உலர்த்தும் இடத்தில் என் கால் விரலைக் கிள்ளியதும் இதே நீலக்கோட்டு நண்டுதான் என்று அப்போதுதான் உறைத்தது. நீ லண்டனில் பழைய போத்தலில் வைத்துப் பார்ப்பதும், நான் பிடோக்கில் கையில் பிடித்ததும் ஒரே இனம்தான். என்னைப் போல அதுவும் தரங்கம்பாடியிலும் உண்டு, இங்கேயும் உண்டு.

சிங்கப்பூரில் மட்டும் வாழ்கிறது என்று எழுதாதே. இப்போது நடப்பதைப் பார்த்தால் பிடோக்கில் இருக்கிறது என்று எழுதுவதற்கே நீ அவசரப்பட வேண்டும்.

நண்டைத் தகர டப்பாவில் கொண்டுவந்து, உன் அம்மாவை என் எதிரிலேயே மறுபடி மஞ்சள் போடச் சொன்னேன். சாயங்காலத்துக்குள் நீலக்கோடு மறைந்து, நீ எழுதிய மஞ்சள் கால் நண்டு என் முன்னால் கிடந்தது. அழகப்பனிடம் வாங்கி வந்த ஸ்பிரிட்டில் போட்டேன். ஸ்பிரிட் மஞ்சளாயிற்று. உன் அப்பா வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குக் கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்கப் போய்விட்டான். தந்தி அடிக்கலாமா என்றும் பார்த்தேன். இவ்வளவையும் தந்தியில் எப்படிச் சொல்வது? நண்டு தப்பு என்று மட்டும் வந்தால் நீ பயந்துவிடுவாய்.

கட்டுரை அச்சுக்குப் போகாமல் நிறுத்து, தாயி. அதுதான் நான் கேட்பது. என் பெயர் போகட்டும். கோயிலில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். சாயிரா பானுவிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பவே நினைச்சேன் பாட்டி, உங்களுக்கு ஏது நண்டு, உங்களுக்குச் சிங்கம்தான் வைக்கணும்" என்றாள். போக்கிரி.

இன்னொன்று. நீ போனதிலிருந்து எப்போது வருவாய், எப்போது வருவாய் என்று எல்லாக் கடிதத்திலும் எழுதிக்கொண்டிருந்தவள் நான். அதனால் உன்னை வரவழைக்க அப்பாயி கதை கட்டுகிறாள் என்று உனக்குத் தோன்றலாம். தோன்றினால் நியாயம்தான். ஆனால் இந்தக் கடிதத்தை முதலிலிருந்து திருப்பிப் பார், அந்தக் கேள்வியை நான் எங்கும் கேட்கவில்லை. கேட்க மாட்டேன். அங்கே வேறு நண்டு கிடைத்து, வேறு கட்டுரை எழுதி, நீ அங்கேயே இருக்கும்படி ஆனால் எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷமாக இருக்கப் பழகிக்கொள்வேன்.

என் சொல்லை நம்ப வேண்டாம். நீயே பார்த்துக்கொள். வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் உலர்த்திப் பொட்டலமாக மடித்து இதற்குள் வைத்திருக்கிறேன். வழியில் அது வீரியம் செத்துப்போயிருந்தால் துணி துவைக்கும் சோடா போதும். நண்டு இருக்கும் போத்தலிலிருந்து அந்த மஞ்சள் ஸ்பிரிட்டை வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, ஒரு சிட்டிகை போடு. நண்டின் நிறமாக இருந்தால் அப்படியே இருக்கும். நம் வீட்டு மஞ்சளாக இருந்தால் சிவந்துவிடும். இங்கே நான் போட்டுப் பார்த்தேன், சிவந்தது. அங்கேயும் சிவக்கும்.

சிவந்தால் மனம் உடைந்துபோகாதே, கண்ணு. அது உனக்குத் தெரிந்த நிறம்தான். தூரதேசம் போய்த் திரும்பி வந்தவர்களை வாசற்படியில் நிறுத்தி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆலம் சுற்றுகிறோமே, அந்தச் சிவப்பு. நெற்றியில் மட்டும் வைத்துக்கொள்ளாதே, நண்டு நாற்றம் அடிக்கும். புரொபசரிடம் தலைநிமிர்ந்து உண்மையைச் சொல். மழையில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு. முருகன் உன்னைக் கைவிட மாட்டான்.

ஆலத்தட்டைப் புளி போட்டுத் துலக்கி மாடத்தில் வைத்திருக்கிறேன். சும்மாதான் துலக்கினேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பாயி முத்தாயி