உள்ளங்காலில் ஐந்து யன்னல்கள்

என் ஆசை உம்மாவுக்கு,

உங்கள் மீது ஸலாம் உண்டாகட்டும். இந்தக் கடிதத்தைப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்துக்கு அனுப்பப் போகிறேன். வீட்டுக்கு யாராவது வந்தால் அறைக்குள் ஓடி ஒளிகிற உங்கள் மகளா இப்படிச் செய்கிறாள் என்று கேட்பீர்கள். ஓம் உம்மா, நான்தான்.

உங்களைக் கொண்டுபோனது சீனி வருத்தம், அந்த நீரிழிவுதான். அதை முதலில் எழுதிவிடுகிறேன். மையத்து வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் காய்ச்சல் என்றுதான் சொன்னோம். உங்கள் தங்கச்சி, என் சாச்சி, என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் காதோடு சொன்னார்: “சீனி வருத்தம் எண்டு வாய் திறந்திராத. குமருகள் இரிக்கிற வீடு.” குமர் என்றால் நானும் அவருடைய இரண்டு பெண்களும். எங்கள் கலியாணத்துக்காக உங்கள் வருத்தத்தை உங்களோடு சேர்த்து அடக்கினோம்.

உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. உங்களைப் பார்க்கவென்று எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேனே, அந்த நாட்களில் உங்கள் கால்கள் எரியும். “காலெல்லாம் நெருப்பாக் காந்துது மகள், கொஞ்சம் மருதோண்டி வெச்சி உடு” என்பீர்கள். கிணற்றடி மரத்தில் இலை பறித்து, அம்மியில் அரைத்து, உள்ளங்கால் முழுக்கத் தடிப்பாக அப்பிவிடுவேன். கடல் தண்ணியில் கால் வைத்தது போல இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொள்வீர்கள். நிறம் மங்குவதற்குள் மறுபடியும் அப்புவேன். உங்கள் உள்ளங்கால் எப்போதும் சிவப்பாகவே இருந்தது.

அந்தச் சிவப்பில்தான் குதிக்கால் புண் மறைந்தது. உங்களுக்கு நோகவில்லை, எனக்குத் தெரியவில்லை. பாயில் ஈரம் கண்டபோது நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருந்தது. பெருநாள் முடியட்டும் என்றீர்கள். பிறகு நாட்டுப் பிரச்சினையில் பாதை பூட்டிக் கிடந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது காலை எடுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முன் நீங்களே போய்விட்டீர்கள்.

என் கைதானா உம்மா அதை மூடியது? ஒரு வருசம் அந்த மரத்தின் பக்கமே நான் போகவில்லை.

சாச்சிக்கும் அதே வருத்தம் என்று பிறகுதான் தெரிந்தது. சீலைக் கடைக்குப் போவதாகச் சொல்லி, கிளினிக் கொப்பியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு போவார். ஒருநாள் துணைக்கு நானும் போனேன். சாச்சி மருந்துக்கு நின்ற நேரம், பாண்டிருப்பிலிருந்து வரும் தாதி மிசியிடம் உங்கள் கதையைச் சொன்னேன். வெளி மனிதர் ஒருவரிடம் நானாக வாய் திறந்தது அதுதான் முதல் தரம். அவர் என்னைத் திட்டவில்லை. “புண்ண நீ உண்டாக்கல்ல பிள்ளை. ஆனா இனி ஆர்ர காலையும் மூடாத. பாக்கச் சொல்லு” என்றார். என் உள்ளங்கையைக் கால் என்று வைத்து, புண் வரக்கூடிய இடங்களைப் பேனையால் புள்ளி போட்டுக் காட்டினார்.

அந்தப் புள்ளிகளை அழிக்காமல் வீட்டுக்கு வந்தேன். பழைய கொப்பியில் கால் வரைந்தேன். ஓரமெல்லாம் கொடியும் பூவும். குதிக்காலில் ஒரு வட்டம், பெருவிரல் நுனியில் ஒன்று, விரல்களுக்குக் கீழே மூன்று. வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை, வெறும் தோல்தான். அவற்றுக்கு யன்னல் என்று பெயர் வைத்தேன். என் டிசைனில் பெரிய வேலை, போடாமல் விட்ட அந்த இடங்கள்தான்.

கிளினிக்கில் கண்ட பெண்கள் சிலருக்கு அந்த டிசைனை மருதோண்டியால் போட்டுவிடத் தொடங்கினேன். தொழுகைக்கு வுழுச் செய்யும்போது ஐந்து நேரமும் கால் கழுவுகிறோம். ஒரு நேரமாவது உள்ளங்காலைப் பார்க்கிறோமா? யன்னல் வழியாகப் பாருங்கள், குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்துப் பாருங்கள் என்றேன். பக்கத்து வளவு மாமி காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்ன புள்ள, வட்டம் வட்டமா வெறுமையா உட்டிரிக்காய், இல காணாமப் போச்சா?” என்று சிரித்தார். பெரியாஸ்பத்திரியில் உங்களைக் கண்டிருந்த வேறொருத்தி சிரிக்கவில்லை. “உம்மாட காலப் பாக்கத் தெரியாதவ, ஊராக்கள்ட காலப் பாக்கப் போறாவாம்” என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

சாச்சிக்குத்தான் கோபம் கூட. “உன்ட வட்டத்தக் கண்டா ஆருக்கு வருத்தம் இரிக்கெண்டு ஊருக்கே தெரிஞ்சிரும். நீ மருதோண்டி போடல்ல, நோட்டீஸ் ஒட்டுறாய்” என்றார். அடுத்த நாளிலிருந்து வருத்தக்காரப் பெண்கள் யாரும் வரவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். சாச்சி சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் யன்னலை எல்லாருக்கும் வைப்பதென்று முடிவெடுத்தேன். குமருக்கும் கிழவிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அதே டிசைன்தான். சாச்சியின் மூத்த மகளுக்குக் கலியாணம் வந்தது. இந்தத் தெருவில் தென்னை ஈர்க்கால் என்னைப் போல மெல்லிசாகக் கோடு இழுக்க வேறு ஆள் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். பொண்ணுக்காவது வட்டம் இல்லாமல் போடச் சொன்னார்கள். அப்படியென்றால் ஈர்க்கைக் கீழே வைத்துவிடுவேன் என்றேன். முகம் பார்க்காமல்தான், ஆனாலும் சொல்லிவிட்டேன். பொண்ணே காலை நீட்டினாள். பிறகு பாயில் இருந்த எல்லாரும் நீட்டினார்கள். கடைசியாக, முணுமுணுத்துக்கொண்டு சாச்சியும் நீட்டினார். யாருக்கு வருத்தம், யாருக்கு இல்லை என்று இனி யாரால் சொல்ல முடியும்?

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் நாள், அஸர் தொழுகை நேரம். வுழுச் செய்யப் போன சாச்சி கிணற்றடியிலிருந்து கூப்பிட்டார். “இஞ்ச வா புள்ள. இந்த யன்னலுக்குள்ள என்னமோ இரிக்கி.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். குதிக்கால் வட்டத்துக்குள் நண்டு ஓட்டின் கோதுத் துண்டு ஒன்று ஏறி நின்றது. சுற்றிலும் வீங்கியிருந்தது. காலையில் நண்டு உடைத்த இடத்தில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். நோகவில்லையா என்றேன். இல்லை என்றார். சொல்லும்போதே அவர் முகம் மாறியது. இருந்தாலும், பெருநாள் முடியட்டும், பிறகு போவோம் என்று எழும்பப் பார்த்தார்.

“உம்மாவும் அதத்தான் சொன்னா, சாச்சி” என்றேன்.

சாச்சி எழும்பினார். உள்ளே போய்க் கிளினிக் கொப்பியை எடுத்துவந்தார். பேப்பரில் சுற்றவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சந்தியில் ஒருத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். “சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க” என்றார் சாச்சி, தெருவுக்கே கேட்கும்படி.

புண் ஆறிவிட்டது உம்மா. கால் இருக்கிறது. நேற்று சாச்சி வந்து, குதிக்கால் யன்னலை இன்னும் கொஞ்சம் பெரிதாக விடச் சொல்லிக் கேட்டார். இந்தக் கடிதத்தையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். குமருகள் இருக்கிற வீடு என்று அவர் சொன்னது வந்ததும் நிறுத்தினேன். “அதையும் போடு” என்றார்.

எனக்குப் பெண் கேட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனால் போகட்டும். முகம் பார்த்துக் கதைக்க எனக்கு இன்னும் கூச்சம்தான். கால் பார்க்கக் கூச்சம் இல்லை. என் கண் தெரியும் காலம் வரைக்கும் இந்தத் தெருவில் ஒரு காலையும் மூட விடமாட்டேன். உங்கள் வருத்தத்தின் பெயரைக் காதோடு சொல்லமாட்டேன். மரத்துக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றுகிறேன் உம்மா.

உங்கள் காலைப் பார்க்கத் தவறி, இப்போது எல்லார் காலையும் பார்க்கிற
மகள் நஸீஹா
சாய்ந்தமருது