விசிறிவாலின் நடு இறகு

நவம்பர் 8, 2003. சனி. செம்மேடு.

மூடுபனி, தூறல். உறுதியானது: வால்சேவல் அழகுக் கண்காட்சி தை மூன்றாம் ஞாயிறு, மலையடிவாரத்தில். சொன்னவர் சேவல் வளர்ப்போர் சங்கச் செயலாளர் (இனி செ.), நேரில். புதியவர்களுக்குத் தனிப் பிரிவு. கிளி மாதிரி அலகு, தரை தொடும் வால். சண்டை கிடையாது, அழகு மட்டும்.

மனைவி அனுமதி: ஒரு சேவல், ஒரு கண்காட்சி. மேடை ஏறாவிட்டால் அடுப்பு ஏறும்.

எங்கே வாங்குவது? நாமக்கல் பண்ணைகள்: லட்சம் கோழி, எல்லாம் வெள்ளை, எல்லாம் முட்டைக்கு. செ. சொன்னது: "சந்தைப் பக்கமே போயிராதீங்க. தாயையும் தகப்பனையும் பாத்துட்டு, வளக்கற ஊட்டுலயே வாங்குங்க."

மிளகாய்த் தூள் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 10. திங்கள்.

சந்தைக்குப் போனேன். நிருபராக இருந்தவன்; ஒரே ஆள் சொன்னதை அப்படியே நம்பிப் பழக்கமில்லை.

"ஏனுங்க, கிளிமூக்குதானா?"

"கிளியே பாத்தா வெக்கப்படுமுங்க."

அலகைத் தடவினேன். சொரசொரப்பு. அரத்தால் ராவி வளைத்திருக்கிறார் வியாபாரி. கேட்டேன்.

"நீங்க மட்டும் சவரம் பண்ணிட்டு வரலீங்களா?"

வெறுங்கையோடு திரும்பினேன். மிளகாய்த் தூளும் மறந்தாயிற்று.

நவம்பர் 15. சனி.

வெயில். இதே மலையில் உள்ள குண்டூர் நாடு. பஸ், பிறகு ஒரு மணி நேர நடை. செ. கைகாட்டிய வீடு: வெள்ளையம்மா, மிளகும் மரவள்ளியும், பதினோரு கோழி. தாய் பார்த்தேன். தகப்பன் பார்த்தேன். அலகு, கால், கண், வயது, நோய்: எல்லாக் கேள்விக்கும் நேரான பதில். செவலைச் சேவல் ஒன்று, வால் தரையைத் தொட்டது. பேசி முடித்தோம்.

கையில் கொடுக்கும் முன் வாலை விரித்துப் பார்த்தார். நடுவில் இருந்ததிலேயே நீளமான இறகைப் பிடுங்கிக் கூரையில் செருகினார். சேவல் கத்தியது. நானும்.

"ஊட்டுக் கோழி வெளிய போனா ஒரு எறகு இங்க தங்கோணுங்க. இல்லீன்னா மிச்சமெல்லாம் கூடவே போயிருமுங்க."

"சின்னதா ஒண்ணு எடுத்திருக்கலாமேம்மா?"

"நல்லதா குடுத்தாத்தானுங்க தங்கும். மொளச்சிரும், போங்க சாமி."

வீட்டில் மனைவி: "நாப்பது வருசமா ஊரையெல்லாம் கேள்வி கேட்டீங்க. இந்த ஒண்ணைக் கேக்கலியா?"

நவம்பர் 17. திங்கள்.

செ.க்குப் போன். சிரித்து முடிக்க நேரமானது. விதி: நடு இறகு இல்லாத வால் மேடை ஏறாது. முழுதாக வளர எத்தனை வாரம்? செ.: பன்னிரண்டு. கால்நடை மருந்தகம்: எட்டு. வெள்ளையம்மா: முளைக்கும். கண்காட்சிக்கு இருப்பது பதினொன்று.

டிசம்பர் 7. ஞாயிறு.

மழை. சேவலுக்கு அவித்த முட்டை, எனக்குக் கஞ்சி. மனைவியிடம் கேட்டேன்.

"உங்களுக்கு வாலா மொளைக்கப் போவுது?"

குருத்து தெரிகிறது. பிடித்தவள் அவள், அளந்தவன் நான்: அரை விரல். அவள் கணக்கில் முக்கால்.

செ. பட்டியலில் என் பெயரைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். பொங்கலுக்கு மறுநாள் நேரில் வந்து அளப்பார். ஒரு சாண் இருந்தால் பேனா.