காகிதத்தைப் பிரிக்கும் கை

அன்புள்ள மகன் வல்லரசுக்கு, மம்சாபுரத்திலிருந்து அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அக்கா ஈஸ்வரியும் சுகம். நீ சுகமாக இருப்பதாகத் தினமும் காலையில் உன் செல்போனிலிருந்து செய்தி வந்துவிடுகிறது, அதனால் நான் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. உன் அப்பாவைப் பற்றி அப்படி எழுத வழியில்லை. போன மாதம் அவர் இறந்துவிட்டார். பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்துவிட்டது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். சொன்னோம். எங்களோடு பேச உனக்குப் பதிலாகச் செல்போனில் ஓர் இயந்திரத்தை வைத்திருக்கிறாயே, அதனிடம் சொன்னோம். அது ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தது. இதையும் செல்போனில் அனுப்பினால் அதுவே படித்துவிட்டு எனக்கு ஆறுதல் சொல்லும். அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் தபாலாபீசுக்குப் போய் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். காகிதத்தைப் பிரிக்க அதற்குக் கை கிடையாது.

எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே, நீயே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாய். ஈஸ்வரி ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தபோது, நீ இணையப் பத்திரிகையில் எழுதிய கதையைப் பெருமையாக வாசித்துக் காட்டினாள். தன்னைப் போலவே ஓர் இயந்திர மனிதனைச் செய்து ஊரிலிருக்கும் தாயிடம் அனுப்பிவிடுகிறான் ஒருவன். அவள் சாகும்வரை கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் அவள் பிணத்தருகே உட்கார்ந்து அந்த இயந்திரம் அழுகிறது, இப்போதாவது நான் மனிதன்தானே என்று கேட்கிறது. படித்தவர்களெல்லாம் கண்ணீர் வந்தது என்று கீழே எழுதியிருந்தார்கள். எனக்கு வரவில்லை. கதையில் அந்தத் தாய் பேசுவதெல்லாம் நான் உனக்கு அனுப்பியவை. கிணற்று மோட்டார் எரிந்துபோனது, தென்னையில் வெள்ளை ஈ விழுந்தது, மாமரத்தடியில் நான் வழுக்கி விழுந்தது, எல்லாம் எழுத்து மாறாமல் இருந்தன. அவன் செய்த இயந்திரம் சொல்லும் பதிலும் எனக்கு வந்த பதிலேதான். கதைக்கு வேண்டும் என்றதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறாய். நான் விழுந்தேன் என்று அழுதபோது படிக்கவில்லை. ஈஸ்வரியிடம் நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, நன்றாக எழுதியிருக்கிறான் என்றேன். அங்கன்வாடியில் இத்தனை வருஷம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவள் நான். எந்தப் பிள்ளை மனசோடு உட்கார்ந்திருக்கிறது, எது உடம்பை மட்டும் அனுப்பியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா.

ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, நம் வெள்ளையன் செத்துப்போய்விட்டது என்று பொய் சொல்லி அனுப்பினேன். அந்த நாய் முன்பு ஒரு தடவை இரண்டு நாள் காணாமல் போனபோது நீ சோறு தின்னாமல் கிடந்தவன். கண் சிமிட்டும் நேரத்தில் பதில் வந்தது, வருந்துகிறேன் அம்மா, அது நல்ல இடத்தில் இருக்கும் என்று. சாயங்காலம், வெள்ளையன் வந்துவிட்டது, மீன் தலை தின்கிறது என்று அனுப்பினேன். மிக்க மகிழ்ச்சி அம்மா என்றது. செத்த நாய் எப்படி எழுந்து வந்து மீன் தின்னும் என்று அது கேட்கவில்லை. அன்றைக்கு முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் அதனோடு விளையாட ஆரம்பித்தேன். உன்னைத் தவிட்டுக்கு வாங்கினேன் என்றேன், உங்கள் அன்புக்கு நன்றி அம்மா என்றது. நீ ஒரு உருப்படாத பயல் என்றேன், உங்கள் வருத்தம் புரிகிறது என்றது. நீகூட அவ்வளவு பொறுமையாக என்னிடம் பேசியதில்லை.

பிறகுதான் உன் அப்பாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரலில் நீர் என்றார்கள். அந்தச் செய்தியை அனுப்பியதிலிருந்து அது தினமும் காலையில் தவறாமல் கேட்டது, அப்பா மாத்திரை போட்டாரா, மூச்சு எப்படி இருக்கிறது என்று. நான் வாசித்துக் காட்டுவேன். பட்டாளத்தில் இருந்த மனுஷன், யாரிடமும் நெகிழ்ந்து பேசாதவர், பக்கத்துக் கட்டில்காரரிடம், எம் மவன் எம்புட்டுத் தொலைவுல இருந்தாலும் வேளை தவறாம கேக்கான் பாருங்க என்று சொல்லிக்கொண்டார். உண்மை என் நாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டேன். கடைசி வாரத்தில் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, உனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். ஏலே, எழுத்து போதும்லே, செத்த நேரம் பேசுலே, உன் குரலக் கேக்கணும் என்று. கண்டிப்பாக அப்பா, விரைவில் அழைக்கிறேன், ஓய்வெடுங்கள் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் செல்போனைத் தலையணைக்குக் கீழே வைக்கவிடவில்லை, நெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டார். மணி அடித்தால் எடுக்க நேரமாகிவிடுமாம்.

அவர் போன அன்று ஈஸ்வரி உன்னைப் போனில் அழைத்தாள். நீ வேலையில் இருப்பதாக ஒரு குரல் சொன்னது. செய்தி போட்டாள். பதில் வந்தது. உன் பெரியப்பா உக்கிரபாண்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பந்தலில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அதை வாசித்தார். தற்போது வர இயலாத சூழல், என் மனம் உங்களோடுதான் இருக்கிறது, நடக்க வேண்டியதை நடத்துங்கள் என்று இருந்தது. எவ்வளவு அழகான தமிழ். வாசித்து முடித்துவிட்டு அவர், அவன் வரமாட்டாம்ப்பா, ஆக வேண்டியதப் பாருங்க என்றார். உன் சித்தப்பா மகன் வேல்பாண்டி மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தான். அந்தப் பந்தலில் எனக்கு மட்டும்தான் தெரியும், இது நீ எழுதியது இல்லை, இன்னொரு தடவை அழைத்தால் எடுத்தாலும் எடுப்பாய் என்று. ஈஸ்வரி மறுபடி அழைக்கப் போனாள். நான்தான் செல்போனை அவள் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். உனக்குப் பதில் ஆளாக நீ வைத்தது பேசிவிட்டது, அதற்கு மேல் உன்னைத் தொந்தரவு செய்வானேன். ஊரில் இப்போது உன்னைக் காறித் துப்புகிறார்கள். நான் தடுக்கவில்லை.

இயந்திரம் எப்போது மனிதனாகும் என்று நீ கதையில் கேட்டிருந்தாய். அதைப் பற்றி எனக்குத் தெரியாது. மனிதன் எப்போது அந்தப் பேரை இழக்கிறான் என்று கேட்டிருந்தால் என்னால் சொல்ல முடியும். அது பொய்யாகவாவது கேட்டது. நீ நிஜமாகவே கேட்கவில்லை. கேதம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் என் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். பேசத் தெரியாத சனங்கள், ஒருத்தருக்கும் ஆழ்ந்த இரங்கல் என்று சொல்ல வரவில்லை, கையை மட்டும் நீட்டினார்கள். வயலில் இருந்து அப்படியே வந்த பக்கத்து வீட்டுப் பரிபூரணத்தின் கையில் சேறு காயவில்லை. வீட்டு ஆளாக என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளை எல்லாம் வாங்க வேண்டியவன் நீ. அந்த இடத்தில் வேல்பாண்டி உட்கார்ந்துவிட்டான். இனி நீ வருவதானால் வெளி ஆளாகத்தான் வர வேண்டும், வாசலில் நின்று கையை நீட்டு. நான் தொடுவேனா மாட்டேனா என்று இப்போது சொல்ல மாட்டேன்.

மற்றபடி தேங்காய் வெட்டு சுமார்தான். ஈஸ்வரியின் மகளுக்கு அம்மை போட்டு இறங்கியிருக்கிறது. அங்கே குளிர் என்றால் காதைக் கட்டிக்கொள், சின்ன வயதிலிருந்தே உனக்குக் காது ஆகாது. இதைப் படித்து முடித்ததும் தலைக்குக் குளி, அதற்கு முன்னால் எதையும் தின்னாதே. நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராமல் சாமி பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஆத்திரத்தில் அந்த இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டாம். அப்பா இறந்ததை அதனிடம்தான் சொன்னோம், ஆனாலும் காலையில் அப்பா மாத்திரை போட்டாரா என்று இன்னும் கேட்கிறது. நானும் போட்டார் என்று அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அதுவும் கேட்காவிட்டால் இந்த வீட்டில் அவரைப் பற்றி என்னிடம் கேட்க யாரும் இல்லை.

உன்னைப் பெற்றவள்,
சண்முகத்தாய்