சனிக்கிழமை ஓடாத கார்

போன ஞாயிற்றுக்கிழமை வேலப்பன்சாவடியில், பழைய கார் விற்கிற இடத்தில், ஒரு வண்டியின் கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினேன். வெயிலில் நின்ற ரெக்சின் வாசனை முகத்தில் அடித்தது. கூடவே கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் பழைய துணி. இத்தனை வருஷமும் ஒரு நொடியில் எங்கே போனதென்று தெரியவில்லை. நீ என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மூக்கை நம்புடா, விக்கிறவன் வாயை நம்பாதே," என்று சொல்வது காதில் கேட்டது.

மகளுக்காகப் போயிருந்தேன். லைசென்ஸ் எடுத்திருக்கிறாள், வேலைக்குப் போய்வர ஒரு சின்ன வண்டி வேண்டும். முதல் வண்டி பழையதாகத்தான் இருக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இடித்துப் பழகுவதற்குப் புதுசு எதற்கு? அவள் ஒரு வெள்ளை வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டாள். என்ஜின் நன்றாக இருந்தது, டயர் நன்றாக இருந்தது, விலை மட்டும் சந்தேகப்படும்படி குறைவாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். விற்கிறவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வண்டில ஒண்ணும் இல்ல சார். நம்பரைக் கூட்டினா எட்டு வருது. அதான் யாரும் எடுக்க மாட்றாங்க."

மகள் சிரித்தாள். நான் வண்டியின் கதவைச் சாத்தினேன். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வழியெல்லாம் அவள் ஏன் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் பிறப்பதற்கு முன்பே போய்விட்ட உன்னைப் பற்றி என்னவென்று விளக்குவது? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடி ராணுவ ஃபேக்டரிக்கு வந்தவர். வேலையில் இருக்கும்போதே அவர் இறந்துபோனதால் வேலை உனக்கு வந்தது, குவார்ட்டர்ஸும் உங்களுக்கே நின்றது. நான் அம்பத்தூர்க்காரன். என் நைனா வயலில் கூலி வேலை பார்த்து, வயலெல்லாம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ஆனபின் அங்கேயே ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்தவர். எங்கள் வம்சத்தில் காருக்குள் உட்கார்ந்தவர்களே கிடையாது. நீ கார் வாங்கப் போகிறேன் என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. "இன்னாடா, லாட்டரி கீட்டரி அட்ச்சிகிச்சா?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "அம்மாவால பஸ் படி ஏற முடியல மச்சான். இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள வலில அழுதுடறாங்க. உக்கார வெச்சு கூட்டிகினு போவணும்," என்றாய். அதன் பிறகு நான் கிண்டல் பண்ணவில்லை. பண்ணினேன், ஆனால் குறைத்துக்கொண்டேன்.

லைசென்ஸ் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் உனக்கு வியர்த்துவிடும். ஆனால் வண்டி பார்ப்பதில் நீ யாருக்கும் சளைத்தவன் இல்லை. ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் இருந்தாய் அல்லவா, எதைக் கொடுத்தாலும் முதலில் அதில் என்ன கோளாறு என்றுதான் உன் கண் தேடும். எங்கள் வீட்டுத் தோசையைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தின்பாய். அம்பத்தூரில் ஓர் அம்பாசிடரைப் பார்த்தோமே, பளபளவென்று பெயின்ட், சீட்டுக்குப் புது உறை. விற்கிறவர் ஜம்பமாகப் பேசிக்கொண்டே இருந்தார். நீ பேசாமல் குனிந்து கால் வைக்கிற ரப்பர் விரிப்பை மட்டும் தூக்கினாய். கீழே தகடு இல்லை. துருப்பிடித்த ஓட்டை வழியாகத் தரை தெரிந்தது. "மச்சான், இதுல போனா காலாலயே பிரேக் போடலாம்டா," என்றாய். அந்த மனிதர் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது.

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அப்படி அலைந்தோம்! நல்ல வண்டி என்றால் உன்னால் வாங்க முடியாது. வாங்க முடிகிற வண்டி என்றால் நல்லதில்லை. பூந்தமல்லியில் ஒருவர், சூடில்லாமல் ஸ்டார்ட் ஆகாத கோளாறை மறைக்க, என்ஜினை முன்கூட்டியே சூடு பண்ணி வைத்திருந்தார். நீ பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜுரம் அடிக்குது சார், நாங்க நாளைக்கு வரோம்," என்று கிளம்பிவிட்டாய். நான் சலித்துப் போனேன். "யப்பா சாமி, ஏதோ ஒண்ணை எடுத்துத் தொலைடா," என்று கத்தியிருக்கிறேன். "அம்மா ஏறப்போற வண்டிடா," என்பாய். அதற்கு மேல் நான் என்ன சொல்ல முடியும்?

கடைசியில் அந்த க்ரீம் கலர் பத்மினி கார். வேலப்பன்சாவடி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு புரோக்கர் நிறுத்தி வைத்திருந்தார். ஒரே ஓனர் ஓட்டிய வண்டி. விரிப்பைத் தூக்கினாய், தகடு சுத்தம். பானெட்டில் கை வைத்தாய், சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பியதும் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. கதவை மூன்று நான்கு தடவை திறந்து மூடிச் சத்தத்தைக் கேட்டாய். உன் முகத்தில் முதல் தடவையாக எந்தச் சந்தேகமும் இல்லை. விலையைக் கேட்டதும் சந்தேகம் திரும்பி வந்தது. புரோக்கர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "வண்டி சோக்கா கீது அண்ணாத்தே. நம்பர்தான் பேஜாரு. மூணு ரெண்டு ஸைபர் மூணு, கூட்டிப் பாரு, எட்டு. சனியோட நம்பராம். வர்றவன் எல்லாம் தொட்டுப் பாத்துட்டு ஓடிப்பூடறான்."

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பு! "நம்பரா ரோட்ல ஓடப்போவுது? டயர்தானேடா ஓடும்?" என்றாய். உலகமே தூக்கிப்போட்ட ஒரு நல்ல பொருள் உனக்காகக் காத்திருந்தது என்று உனக்கு அத்தனை சந்தோஷம்.

வண்டியைக் குவார்ட்டர்ஸ் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தியதும் அம்மா ஆரத்தி எடுத்தார். டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். பிறகு சந்தனக் கிண்ணத்தோடு மெல்லக் குனிந்து, நம்பர் பலகையில் ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே போனார். கடைசி எண்ணில் விரல் நின்றுவிட்டது. நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். "எய்யா, இது எட்டுல்லா வருது?" என்றார். நீ என்னென்னவோ சொன்னாய். அவர் கேட்கவில்லை. உன் அப்பாவை இழந்தவர் அவர், இன்னொரு பயத்தைத் தாங்க அவரால் முடியாது. அன்றைக்குச் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார்.

முடிவில் ஒரு சமாதானத்துக்கு வந்தீர்கள். சனிக்கிழமை சனிக்கிழமை வண்டி வெளியே போகக்கூடாது. அன்றைக்குச் சாவி அம்மாவிடம் இருக்கும். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்வார், ஞாயிறு காலை குளித்துவிட்டுத்தான் திருப்பித் தருவார். "எங்க வண்டிக்கும் வார லீவு உண்டுடா," என்று நீ எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாய். மற்ற நாள்களில் அம்மாவைப் பின் சீட்டில் தலையணை வைத்து உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். ஒரு தடவை நானும் முன்னால் உட்கார்ந்து வந்தேன். ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு அம்மா கடைத்தெருவை வேடிக்கை பார்த்து வந்தார். பெரிய வீட்டுக்காரி போல இருக்கிறாயே என்று நீ கேலி பண்ணினாய், அவர் உன் பின்மண்டையில் தட்டினார்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் இதுவரை வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை, எழுதியாவது தொலைக்கிறேன். நைட் ஷிஃப்ட் முடித்து நான் உங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நெமிலிச்சேரியில் உன்னோடு வேலை பார்ப்பவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நீ போக வேண்டும். "எம்மா, இந்த மழைல ஸ்கூட்டர்ல எப்படிப் போவேன்? இன்னைக்கு ஒரு நாள் சாவியத் தாயேன்," என்று கேட்டாய். "சனிக்கிழமை வேண்டாம்யா. நனைஞ்சா தலையத் தொவட்டிக்கிடலாம்லா," என்றார் அம்மா, இடுப்பைக் கையால் பொத்திக்கொண்டு. நீ கொஞ்சம் கெஞ்சினாய். பிறகு, "சரி, உன் சனி பகவானுக்கே வெற்றி," என்று கும்பிட்டுவிட்டு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பழைய ஸ்கூட்டரில் போனாய். பட்டாபிராம் தாண்டுமுன் லாரி. மத்தியானம் வந்து சொன்னார்கள்.

உன்னைக் கொண்டுவந்து கிடத்தியபோது வாசலில் அந்தக் கார் நின்றுகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை நீ நிறுத்திய இடத்தை விட்டு அசையவில்லை, மேலெல்லாம் ஈர வேப்பிலை. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் நம்பர் பலகையைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். எட்டாம் நம்பர் வீட்டுக்குள் வந்தது, ஆளைக் கொண்டுபோய்விட்டது என்றார்கள். அம்மா தட்டுத்தடுமாறி வந்து பானெட்டில் அடித்து அடித்து அழுதார். "நீதானட்டி எம்புள்ளயத் தின்ன!" என்று அந்த இரும்பிடம் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அடப்பாவிகளா, அது நின்ற இடத்திலேயே நிற்கிறதே, அதில் ஏறியிருந்தால் அவன் இப்போது உயிரோடு வந்து சோறு தின்றிருப்பானே என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

காரியம் முடிந்ததும் வண்டியை எடுத்துப்போக அதே புரோக்கர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வண்டி ஊட்டாண்டயே நின்னுகினு கீது. இது இன்னா பண்ச்சு, பாவம்?" என்றார். எல்லோரிலும் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அம்மா ஜன்னல் பக்கம் இருந்தார். நான் புரோக்கர் கையைப் பிடித்து, "கம்முனு இரு அண்ணாத்தே, வண்டிய எட்துகினு போ," என்று தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போனேன். பிறகு அவர் திரும்பி வந்து சாவியைத் திருப்பியதும் ஒரே மூச்சில் ஸ்டார்ட் ஆகிப் போனது உன் கார்.

குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னார்கள். அம்மா வெள்ளானூரில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார். அப்போது அங்கே நாலு வீடும் முள்செடியும்தான், இப்போது தெருவுக்குள் வண்டி திருப்ப இடமில்லை. நான் மாதாமாதம் போகிறேன். போகிற போதெல்லாம் அவர் ஒரு தடவையாவது, "அந்தச் சண்டாள வண்டி," என்பார். நானும், "ஆமாம்மா, அதை வாங்கியிருக்கவே கூடாது. அவன் சரியா பாக்கல," என்பேன். சரியாகப் பார்க்கவில்லையாம்! பானெட்டில் கை வைத்து, விரிப்பைத் தூக்கி, கதவுச் சத்தம் கேட்டு வாங்கினவனைப் பற்றி நான் சொல்கிற பேச்சு இது. சொல்லிவிட்டுப் படியிறங்கும்போது ஒவ்வொரு தடவையும் உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கும்.

போன ஞாயிறு சாயங்காலம் வெள்ளானூருக்குப் போனேன். அம்மா இப்போது படுத்த படுக்கை, ஆனால் நினைவு தெளிவு. மகளுக்குக் கார் பார்த்த கதையைச் சொன்னேன். நம்பர் எட்டு என்றார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டேன் என்றேன். சரியாகச் செய்தாய் என்பார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

"எட்டுன்னா என்னய்யா? நல்ல வண்டின்னா வாங்கிக் குடுத்திருக்கலாம்லா," என்றார்.

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சாவி எங்கிட்டல்லா இருந்துச்சு," என்றார். "கெஞ்சுனான். நீயும் காபி டம்ளர வச்சுக்கிட்டு அங்கனதான் இருந்த. எல்லாம் எனக்குத் தெரியும்யா. எம்புள்ளய மழைல அனுப்புனது நான்தான். வண்டிய ஏசிக்கிட்டே இருந்தா கொஞ்சம் மூச்சு வந்துச்சு, அதான் ஏசுனேன்."

அவர் கண்ணில் தண்ணீர்கூட இல்லை. இத்தனை வருஷமும் தனியாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னால் தாங்க முடியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இல்லம்மா. உங்களுக்குத் தெரியாது. முந்தின நாளே வண்டி ஸ்டார்ட் ஆவல. பேட்டரி போயிட்ச்சு. உங்ககிட்ட சொன்னா நம்பர் மேல பழி போடுவீங்கன்னு அவன் மறைச்சிட்டான். சும்மா உங்களை வம்புக்கு இழுக்கத்தான் சாவி கேட்டான். சாவி குடுத்திருந்தாலும் அன்னைக்கு ஸ்கூட்டர்லதான் போயிருப்பான்."

"அப்படியாய்யா?" என்றார்.

"சத்தியமா," என்றேன்.

"பேட்டரியா?" என்று இன்னொரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்து தூங்கிப்போனார். நான் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அவர் நம்பினாரா, எனக்காக நம்பினாரா என்று தெரியவில்லை. அவர் இருக்கும்வரை எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்வேன், நீ கோபித்துக்கொள்ளாதே. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: நீ வாங்கிய வண்டியில் ஒரு குறையும் இல்லையடா. ஒரு நாள்கூட அது ஸ்டார்ட் ஆகாமல் நின்றதில்லை.